வைக்கோலுக்குள் இருக்கும் சர்க்கரை

கர்னால்,
நவம்பர் 12

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. லட்சுமி கிடேரிக் கன்று போட்ட சேதியை வீட்டில் படித்துக் காட்டினேன், எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. அது போகட்டும்.

"வைக்கோலில் சாராயம் காய்ச்சுகிறாயாமே" என்று கேட்டிருக்கிறாய். காய்ச்சுவதற்கு முந்தைய வேலைதான் என்னுடையது. வைக்கோலைச் சர்க்கரையாக்குவது. அதைப் புளிக்கவைத்து வரும் எத்தனால் பெட்ரோலில் கலக்கப் போகும், உனக்கு வராது.

சோற்றை மென்றுகொண்டே இருந்தால் இனிக்கும். வைக்கோலை நாள் முழுக்க மென்றாலும் இனிக்காது. இத்தனைக்கும் சோற்றின் மாவுச்சத்தும் வைக்கோலின் நாரான செல்லுலோஸும் ஒரே குளுக்கோஸ் சர்க்கரையைக் கோத்த சரம்தான். வைக்கோலில் முடிச்சு வேறு மாதிரி விழுந்திருக்கிறது, நம் எச்சிலுக்கு அவிழாது. போதாததற்கு லிக்னின் என்ற பிசின் அதைப் பூசி மூடியிருக்கிறது. லட்சுமியின் வயிற்று நுண்ணுயிரிகள் முடிச்சை அவிழ்த்துவிடும். நாங்கள் அதற்கு நீராவியும் அமிலமும் வைத்துக்கொண்டு படாத பாடு படுகிறோம்.

நீராவிக் கலத்தைத் திறக்கும்போது நீ பக்கத்தில் இருக்க வேண்டும். பொன்னிறமாய் உள்ளே போன வைக்கோல், ஊறிய புளி மாதிரி கறுத்துக் குழைந்து வரும். முதலில் மூக்கில் ஏறுவது வினிகர் நெடி. அதற்குப் பின்னால் பாகு கரிந்த வாசனை. ரொம்ப வேகவைத்தால் சர்க்கரையே கெட்டு ஈஸ்டுக்கு நஞ்சாகிவிடும், வேகாவிட்டால் அந்தச் சரத்தை வெட்டும் நொதி உள்ளே நுழையாது. பதம் பார்ப்பதில் உன் அம்மா அதிரசத்துக்குப் பாகு எடுத்ததுதான் ஞாபகம் வருகிறது.

அப்புறம் நொதி. இரண்டாம் உலகப் போரில் சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையின் பருத்தித் துணிகளையும் கூடாரங்களையும் ஒரு பூஞ்சை அரித்துத் தின்றது. டிரைக்கோடெர்மா ரீசி என்று பெயர். பயிர் நோய்க்கு நீ வேப்பம்புண்ணாக்கில் கலந்து போடுகிறாயே விரிடிப் பூஞ்சை, அதற்குப் பங்காளி. கூடாரத்தைத் தின்றவனைப் பிடித்து இப்போது வைக்கோலைத் தின்ன விட்டிருக்கிறோம். அது சுரக்கும் நொதியை 50 டிகிரி சூட்டில் இரண்டு மூன்று நாள் வைத்தால் கூழ் தண்ணீராய் இளகும். போன மாதம் ராத்திரி கரண்ட் போய்ச் சூடு இறங்கிவிட்டது. காலையில் பார்த்தால் பாக்டீரியா புகுந்து சர்க்கரையைத் தின்றுவிட்டு மொத்தத்தையும் புளித்த மோராக்கி வைத்திருந்தது. மூன்று நாள் பாடு போச்சு.

இங்கே பக்கத்தில் பானிப்பட்டில் இந்தியன் ஆயிலின் ஆலை 2022 ஆகஸ்டில் திறந்தார்கள். ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோல், 3 கோடி லிட்டர் எத்தனால் என்பது திட்டம். அந்தக் கணக்கில் டன்னுக்கு 150 லிட்டர். ஆனால் நெல் அறுத்துக் கோதுமை விதைக்க இங்கே விவசாயிகளுக்கு இரண்டு மூன்று வாரம்தான் இடைவெளி. அதற்குள் வைக்கோலைக் கட்டி, ஏற்றி, ஒரு வருஷத்துக்கு நனையாமல் தீப்பிடிக்காமல் அடுக்க வேண்டும். என்னைக் கேட்டால் நொதியைவிட இதுதான் பெரிய தலைவலி. ருமேனியாவில் பொடாரி என்ற ஊரில் கோதுமை வைக்கோலுக்கென்று 2021இல் திறந்த ஆலையை 2023 கடைசியிலேயே மூடுவதாக அறிவித்துவிட்டார்கள். தொழில்நுட்பம் தெரிந்தவர்கள்தான், கட்டுப்படியாகவில்லை.

உன் வைக்கோலை இப்படி விற்கலாமா என்று கேட்டாய். வேண்டாம். இங்கே வயலிலேயே கொளுத்துகிற வைக்கோலுக்குத்தான் இந்த வழி. ஜன்னலைத் திறந்தால் இன்றும் புகைதான், கண் எரிகிறது. உன் வைக்கோல்போரில் இருப்பது லட்சுமி பாலாக்கப் போவது. எந்த ஆலையும் அவ்வளவு விலை தராது.

பொங்கலுக்கு வருகிறேன். கன்றுக்கு என்ன பெயர் வைத்தாய் என்று எழுது.

உன்,
ராமு