பாட்டி விட்டுச் சென்ற ஒரு வெள்ளி

ஜார்ஜ் டவுன், பினாங்கு

அன்பு மகளுக்கு,

பாட்டியின் வெள்ளி நாணயம் உண்மையானதா, என்ன விலை போகும் என்று நீ கேட்ட கேள்விக்குக் கைப்பேசியிலேயே ஒற்றை வரியில் பதில் அனுப்பியிருக்கலாம். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு நீ அன்றைக்கே யாரிடமாவது விலை பேசத் தொடங்கிவிடுவாய் என்று தோன்றியதால், தாளும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தேன். பாட்டி உனக்கென்று சொல்லி வைத்துவிட்டுப் போன வெள்ளி நாணயத்தை மூன்று நாள்களாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அது உண்மையான நாணயம்தான். ஆனால் நீ அனுப்பிய படத்தில் ஐந்தாயிரம் வெள்ளி (ரிங்கிட்) என்று விலை போட்டிருந்ததே, அந்த நாணயம் இது அன்று. அந்த விலையின் பக்கத்தில்கூட இது போகாது.

முதலில் இது என்ன என்பதைத் தெரிந்துகொள். முன்புறம் முடி சூடிய ஏழாம் எட்வர்டு மன்னரின் உருவம். பின்புறம் கொடிப்பின்னலைப் போன்ற வேலைப்பாட்டுக்குள் சீன எழுத்தும், மலாய் மொழியை அரபு எழுத்தில் எழுதும் ஜாவி எழுத்தும். அதைச் சுற்றி ஆங்கிலத்தில் நீரிணைக் குடியேற்றங்களின் பெயரும் 1908 என்ற ஆண்டும். பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகியவை பிரிட்டிஷ் முடியின் கீழ் ஒரே ஆட்சியாக இருந்த காலத்துப் பணம் இது. பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியரிடம் காட்டினேன். ஜாவி எழுத்தில் 'சத்து ரிங்கிட்', அதாவது ஒரு ரிங்கிட், என்று எழுதியிருப்பதாகப் படித்துச் சொன்னார். நம் நாட்டுப் பணத்துக்கு ரிங்கிட் என்ற பெயர் 1975இல்தான் அதிகாரபூர்வமானது என்றாலும், அந்தச் சொல் அதற்கு வெகு காலம் முன்பே காசில் ஏறிவிட்டது. பழைய ஸ்பானிய வெள்ளிக் காசுகளின் விளிம்பில் இருந்த பற்களைப் பார்த்து மலாய்க்காரர்கள் வைத்த பெயராம். நாம் பற்களை விட்டுவிட்டு உலோகத்தைப் பிடித்துக்கொண்டோம். இன்றைக்கும் நமக்குப் பத்து ரிங்கிட் பத்து வெள்ளிதான். தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்த உன் பெரியத்தை, சந்தையில் ஒரு கட்டுக் கீரை இரண்டு வெள்ளி என்று கேட்டுத் திகைத்து நின்றது உனக்கு நினைவிருக்கும். சீனமும் ஜாவியும் ஆங்கிலமும் இருக்கும் இந்தக் காசில் தமிழ் மட்டும் இல்லை என்பதைப் பாட்டி ஒருமுறை எனக்குச் சுட்டிக் காட்டினார். அவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க மட்டுமே தெரியும், ஆனாலும் இல்லாததைக் கவனித்திருந்தார்.

இனி எடைக்கு வருகிறேன், ஏனென்றால் இந்த நாணயத்தின் கதை முழுவதும் எடையில்தான் இருக்கிறது. இங்கே முன்பு மெக்சிகோ டாலரும் பிரிட்டிஷ் வணிக டாலரும் புழங்கின. நீரிணைக் குடியேற்றங்களுக்கென்று சொந்த டாலர் 1903இல்தான் வந்தது. அது 26.95 கிராம் எடையுள்ள பெரிய நாணயம். பத்தில் ஒன்பது பங்கு வெள்ளி, மீதி செம்பு. 1906இல் அந்த டாலரின் மதிப்பை 2 ஷில்லிங் 4 பென்ஸ் என்று பிரிட்டிஷ் பவுனோடு கட்டி வைத்தார்கள். அதே சமயத்தில் உலகச் சந்தையில் வெள்ளி விலை ஏறியதால், காசாகச் செலவழிப்பதைவிட உருக்கி விற்பதே லாபம் என்ற நிலை நெருங்கியது. ஆகவே 1907 முதல் எடையை 20.21 கிராமாகக் குறைத்து, விட்டத்தையும் சுருக்கி, புதிதாக அச்சடித்தார்கள். நம்முடையது இந்த இரண்டாம் வகை. முதல் உலகப் போருக்குப் பின் வெள்ளி மறுபடியும் விலை ஏறியபோது, ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் உருவத்தோடு 1919இல் வந்த மூன்றாம் வகையில் எடை 16.85 கிராமாக இறங்கியது, வெள்ளியும் பாதிதான். பதினாறே ஆண்டுகளில் ஒரு வெள்ளிக்குள் இருந்த வெள்ளி மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், 'பழைய வெள்ளி டாலர்' என்று யாராவது மொத்தமாக விலை சொன்னால், எந்த வகை என்று கேட்காமல் நீ பேச்சைத் தொடரக் கூடாது.

முப்பது ஆண்டுகள் மருந்துக்கூடத்தில் மருந்தை நிறுத்துக் கொடுத்தவன் என்பதால் எனக்குத் தராசின் மேல் நம்பிக்கை அதிகம். லிட்டில் இந்தியாவில் நமக்குப் பழக்கமான பத்தரிடம் ஒரு கிராமில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும் தராசு இருக்கிறது. அதில் நாணயம் 20.02 கிராம் காட்டியது. நூறு ஆண்டுகளுக்கு மேல் கை மாறித் தேய்ந்த காசுக்கு இந்தக் குறைவு பொருத்தமானதே. புத்தம் புதிய எடை காட்டியிருந்தால்தான் நான் சந்தேகப்பட்டிருப்பேன். காந்தம் அதை இழுக்கவில்லை. அதோடு விடாமல், ஒரு சிறு கண்ணாடிக் குவளையில் தண்ணீர் ஊற்றித் தராசின் மேல் வைத்து, அளவைச் சுழியத்துக்குக் கொண்டுவந்து, நாணயத்தை மெல்லிய நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுவதும் மூழ்குமாறு, ஆனால் அடியில் படாதவாறு தொங்கவிட்டேன். தராசு 1.94 காட்டியது. நாணயம் ஒதுக்கிய தண்ணீரின் எடை அது. 20.02ஐ அதனால் வகுத்தால் 10.32 வருகிறது. பத்தில் ஒன்பது பங்கு வெள்ளி கலந்த உலோகத்தின் அடர்த்தி ஏறத்தாழ 10.3; போலிகளில் அதிகம் காணப்படும் செம்பு, நிக்கல் கலவையாக இருந்தால் 9ஐத் தாண்டாது. இப்படி மலிவான உலோகத்தில் எடையைச் சரியாக வைத்துப் போலி செய்கிறவன்கூட, எடை, விட்டம், தடிமன் மூன்றையும் ஒன்றாகச் சரிக்கட்டுவது கடினம்.

பத்தர் இதையெல்லாம் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, 'உரைகல்லில் ஒரு இழுப்பு இழுத்தால் ஒரு நிமிடத்தில் தெரியுமே ஐயா' என்றார். நான் விடவில்லை. நகைக்கு உரைப்பது வழக்கம். நாணயத்துக்கு அந்த ஒரு கோடே குறை. நீயும் எந்தக் கடையிலும் உரைக்கவோ அமிலத் துளி விடவோ இடம் கொடுக்காதே.

உண்மை என்று தெரிந்துவிட்டது. ஆனால் நாணயம் சேர்ப்பவர்கள் உண்மைக்கு மட்டும் விலை தருவதில்லை. அது எந்த நிலையில் இருக்கிறது என்பதற்குத் தருகிறார்கள். உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தபோது மூன்று குறைகள் தெரிந்தன. மூன்றும் எப்படி வந்தன என்பதும் எனக்குத் தெரியும்.

முதலாவது, மன்னரின் கிரீடத்துக்கு நேர் மேலே விளிம்பில் பற்கள் மழுங்கிய ஓர் இடம். பாட்டியின் தாயார் அங்கே பற்றாசு வைத்து ஒரு வளையம் ஒட்டி, நாணயத்தைக் கருப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் அணிந்திருந்தாராம். பின்னாளில் வளையத்தை எடுத்துவிட்டு அரத்தால் ராவியிருக்கிறார்கள். பற்றாசின் சாம்பல் நிறப் பூச்சு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இப்படி நகையாக இருந்து மீண்ட நாணயத்தைச் சேகரிப்பாளர்கள் தனியாக ஒதுக்கிவிடுவார்கள்.

இரண்டாவது, பின்புறத்தில் உள்ள கரும்படலம். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் இங்கே ஆண்ட காலத்தில் பாட்டியின் தந்தையார் அதை ஒரு தகரப் பெட்டியில் போட்டு முருங்கை மரத்தடியில் புதைத்து வைத்திருந்தார். 1945இல் வாழைமரப் படம் போட்ட ஜப்பானிய நோட்டுகள் செல்லாக் காசாகிப் பிள்ளைகள் விளையாடக் கொடுத்த நாளில், தோண்டி எடுத்த இந்த ஒன்றைத்தான் வீட்டில் பணம் என்று சொல்ல முடிந்ததாம். மண்ணில் கிடந்த படலம் அது. இதைப் பெரிய குறையாக யாரும் சொல்லமாட்டார்கள். இயற்கையாக வந்த கருமை நாணயத்தின் மேற்பரப்பைக் காக்கவும் செய்யும்.

மூன்றாவதுதான் விலையைக் கொன்றது. முன்புறம் முழுவதும் மயிரிழை போன்ற கீறல்கள். பாட்டி ஒவ்வொரு பொங்கலுக்கும் தீபாவளிக்கும் இதைத் திருநீறு தொட்டுத் தேய்த்து, குங்குமம் வைத்துச் சாமி மாடத்தில் வைப்பார். திருநீறு எவ்வளவு மென்மையாகத் தோன்றினாலும் அதில் நுண்ணிய மணல் இருக்கும். ஆண்டுக்கு இரண்டு முறை, ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் என்று கணக்குப் போட்டுப் பார். பழியை முழுவதும் பாட்டி மேல் போட எனக்கு மனம் வரவில்லை. பத்து வயதில் நான் ஒருநாள் பற்பசை போட்டுப் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கண்ணாடி போல ஆக்கினேன். பாட்டி அதை அக்கம்பக்கம் எல்லாம் காட்டி என்னைப் பெருமையாகப் பேசினார். நாணயத்தின் தரத்தை 1 முதல் 70 வரை எண்ணிட்டுச் சான்று தரும் அமெரிக்க நிறுவனங்கள் உண்டு. அவற்றுக்கு அனுப்பினால் நம்முடையதற்கு எண்ணே கிடைக்காது. 'உண்மையானது, ஆனால் துடைக்கப்பட்டது' என்ற குறிப்போடு திரும்பி வரும். அனுப்பும் செலவே நாணயத்தின் விலையைத் தாண்டிவிடும் என்பதால் அந்த எண்ணத்தை விட்டுவிடு.

நீ அனுப்பிய படத்தை நன்றாகப் பார்த்தேன். அதில் இருந்தது 1926ஆம் ஆண்டின் ஜார்ஜ் மன்னர் நாணயம். 1925, 1926 ஆகிய இரண்டு ஆண்டுகளின் டாலர்கள் மிக அரியவை. அதனாலேயே போலி செய்கிறவர்களுக்கும் அந்த ஆண்டுகளின் மேல் தனிப் பிரியம். 1908ஆம் ஆண்டு டாலரோ இலட்சக்கணக்கில் அச்சிடப்பட்டது. இன்னொன்றையும் கவனி. விற்பவர் போட்ட விலை அவருடைய ஆசை. எவரோ உண்மையில் பணம் கொடுத்து வாங்கிய விலைதான் விலை. முடிந்துபோன ஏல விற்பனைகளில், துடைக்கப்பட்ட 1907, 1908 நாணயங்கள் என்ன விலைக்குப் போயின என்று தேடிப் பார்த்தால் உனக்கே விளங்கும்.

அடிமட்ட விலையை நீயே கணக்கிடலாம். 20.02இல் பத்தில் ஒன்பது பங்கு என்றால் 18 கிராம் சுத்த வெள்ளி. அன்றைய ஒரு கிராம் வெள்ளி விலையை 18ஆல் பெருக்கிக்கொள். இங்கே ஒரு பழம்பொருள் கடைக்காரர் நாணயத்தைத் தராசில்கூட வைக்காமல், அந்தக் கணக்கில் பாதிக்கும் குறைவாக ஒரு தொகையைச் சொல்லி, 'வேறு யாரும் வாங்கமாட்டார்கள்' என்றார். நான் நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். நம்முடையதைப் போன்ற நாணயத்துக்கு நியாயமான விலை, வெள்ளியின் மதிப்பும் அதற்கு மேல் கொஞ்சமும் என்பது என் கணிப்பு. வீட்டு முன்பணத்துக்கு இது உதவும் என்று நீ நினைத்திருந்தால், அதற்கு வேறு வழிதான் பார்க்க வேண்டும். அதைப் பற்றித் தனியே பேசுவோம்.

விற்பதும் வைத்துக்கொள்வதும் உன் உரிமை. பாட்டி உன் பெயரைத்தான் சொன்னார். எதைச் செய்வதானாலும் அதற்கு முன் ஒரு சனிக்கிழமை கோலாலம்பூரில் பேங்க் நெகாரா அருங்காட்சியகத்தின் நாணயக் கூடத்துக்குப் போய், பழைய டாலர்களைக் கண்ணாடிக்குப் பின்னால் நிதானமாகப் பார்த்துவிட்டு வா. தேய்க்கப்படாத வெள்ளி எப்படி இருக்கும் என்பது கண்ணுக்குப் பழகிவிட்டால், எந்தக் கடைக்காரரும் உன்னை எளிதில் ஏமாற்ற முடியாது.

உன் தம்பி அடுத்த வாரம் பேருந்தில் வரும்போது கொண்டுவருவான். அட்டை உறைக்குள் வைத்திருக்கிறேன். வளையும் சாதாரண பிளாஸ்டிக் உறைக்கு மாற்றிவிடாதே. அந்த வகைப் பிளாஸ்டிக் நாள்பட்டால் பச்சைப் பிசுக்கைக் கக்கி வெள்ளியை அரிக்கும். விரலால் முகத்தைத் தொடாமல் விளிம்பில் பிடி. எட்வர்டு மன்னரின் காதோரத்திலும் சில எழுத்துகளின் பள்ளத்திலும் சிவப்பாக ஏதோ இருக்கும். அது துரு அன்று, குங்குமம். அதை நான் எடுக்கவில்லை, நீயும் எடுக்காதே. கைக்கு வந்ததும் ஒருமுறை நல்ல தராசில் வைத்து, 20.02 வருகிறதா என்று பார்த்து எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா