மூக்கைப் பிடித்துக்கொண்டு போகிற இடமா காந்தி மார்க்கெட்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் சிங்கப்பூர் தேக்கா சந்தையைப் பற்றிய பயணக் கட்டுரையைப் படித்தேன். கட்டுரையாளர் நன்றாகவே எழுதியிருந்தார். ஆனால் கடைசிப் பத்தியில் ஒரு வரி: ‘நம் ஊர் மார்க்கெட்டுக்கு மூக்கைப் பிடித்துக்கொண்டு போய், வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்டு ஓடி வந்துவிடுகிறோம், சுற்றிப் பார்க்க அங்கே என்ன இருக்கிறது?’ அதற்குப் பக்கத்திலேயே திருச்சி காந்தி மார்க்கெட்டின் படம். கீரைக்கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து ஒரு பெண் சில்லறை எண்ணிக்கொண்டிருக்கிறார். படத்தின் கீழே ‘நெரிசலும் சேறும்’ என்று போட்டிருக்கிறீர்கள். அந்த அம்மாவிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுத்த படமா அது?

என் தாயார் அதே மார்க்கெட்டில் தரைக்கடை போட்டுக் கீரை விற்றவர். விடியற்காலையில் வட்டிக்கு வாங்கிய பணத்தில் சரக்கெடுப்பார். மாலையில் கடனை அடைத்தது போக மிஞ்சியதில்தான் என்னை ஆசிரியர் பயிற்சி வரை படிக்க வைத்தார். ஆகவே இந்தக் கடிதத்தில் கோபம் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தேக்காவை நானும் அறிவேன். என் மகள் சிங்கப்பூரில்தான் குடியிருக்கிறாள்; போகும்போதெல்லாம் அவளோடு பையை எடுத்துக்கொண்டு அங்கே காய் வாங்கப் போவேன். கட்டுரையாளர் வியந்து எழுதிய வாழைப்பூ, முருங்கைக்கீரை, வாழையிலை எல்லாவற்றையும் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். திருச்சி விமான நிலையத்திலிருந்து சிங்கப்பூருக்குக் காய்கறியும் பூவும் போவது தாங்கள் அறியாததல்ல. இங்கே கூறு கட்டி வைத்திருக்கும்போது கண்ணில் படாதது, விமானம் ஏறி இறங்கியதும் அதிசயமாகிவிடுகிறது என்றால் எங்களுக்கு வலிக்காதா?

தேக்காவிலும் மீன் பகுதியில் தரை ஈரமாகத்தான் இருக்கும். மீன் வாடை அங்கேயும் உண்டு. அங்கே தண்ணீர் தேங்காமல் ஓடிவிடுகிறது, அவ்வளவுதான். 1915-இல் கட்டிய பழைய சந்தையிலிருந்து 1982-இல் வியாபாரிகளை இப்போதைய கட்டடத்துக்கு மாற்றினார்கள். சாலைக்கு எதிர்ப்பக்கம்தான் புது இடம். தெருவோரத்தில் சமைத்து விற்றவர்களுக்கும் 1970-களிலும் 80-களிலும் அந்த அரசு குழாய்த் தண்ணீர், வடிகால், கூரையோடு உணவங்காடிகள் கட்டிக் கொடுத்தது. 2020 டிசம்பரில் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது அந்த அங்காடிகளின் பண்பாடுதான். கட்டுரையில் இவற்றில் ஒரு வரிகூட இல்லை. சுத்தம் அந்த ஊர்க்காரர்களின் குணம், சேறு எங்கள் குணம் என்று வாசகர் நினைத்துக்கொள்ளும்படி விட்டுவிட்டார். காந்தி மார்க்கெட்டின் சாக்கடையைக் கீரைக்காரிகளா கட்டினார்கள்?

எங்கள் வியாபாரிகளுக்கும் புது இடம் கட்டினார்கள், நகரத்துக்கு வெளியே மதுரை நெடுஞ்சாலையில், கள்ளிக்குடியில். அவர்கள் போக மறுத்தபோது நீங்கள் அதைப் பிடிவாதம் என்று எழுதினீர்கள். இரவில் லாரிகளில் சரக்கு இறங்குகிறது. தெருத்தெருவாகக் கூடையில் விற்கும் பெண்கள் விடிவதற்குள் மண்டியில் எடுத்துக்கொண்டு பாலக்கரைக்கும் வரகனேரிக்கும் நடந்தே போகிறார்கள். கள்ளிக்குடிக்குப் போய் வரும் வண்டிக்கூலிக்கே அவர்களின் அன்றைய லாபம் போய்விடும். அதை அவர்களிடமே கேட்டு எழுதியிருக்கலாம்.

2020-இல் கோயம்பேட்டிலிருந்து கொரோனா பரவியபோது, மார்க்கெட்டில் நிற்பவர்கள் அத்தனை பேரும் நோயைச் சுமப்பவர்கள் என்பதுபோல உங்கள் பக்கங்கள் பேசின. காந்தி மார்க்கெட்டை மூடி, மொத்த வியாபாரத்தை ஜி கார்னர் மைதானத்துக்கு மாற்றினார்கள். மழை பெய்ததும் மைதானம் சேறானது. அந்தச் சேற்றில் நின்றுதான் சுமைதூக்குபவர்களும் வியாபாரிகளும் ஊருக்குக் காய் கொடுத்தார்கள். அவர்களுக்கு நன்றியாக ஒரு வரி தலையங்கத்தில் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். டோக்கியோவைப் பற்றி எழுதியபோது சூரை மீன் ஏலம் பார்க்க விடியற்காலையில் சுகிஜிக்குப் போகச் சொன்னீர்கள். ஏலம் நடந்த மொத்தச் சந்தை 2018 அக்டோபரிலேயே டொயோசுவுக்கு மாறிவிட்டது; சுகிஜியில் வெளிச்சந்தைக் கடைகள்தான் இருக்கின்றன. இடமாற்றச் செய்தி உங்கள் நாளிதழிலேயே வந்திருந்தது. அப்போதும் எழுதினேன். திருத்தமும் வரவில்லை, என் கடிதமும் வெளிவரவில்லை.

சுற்றிப் பார்க்க என்ன இருக்கிறது என்றுதானே கேட்டார்? வாழை மண்டிக்குப் போய் நிற்கட்டும். பூவன், ரஸ்தாளி, கற்பூரவல்லி, நேந்திரன், மொந்தன் என்று தார்கள் வந்து இறங்குவதைப் பார்க்கலாம். வாழைக்கென்று தேசிய ஆராய்ச்சி மையமே 1993 முதல் இயங்கும் ஊர் இது. பொங்கலுக்கு முன்பு வந்தால் மஞ்சள் கொத்தும் பனங்கிழங்கும் கரும்பும். ஆடிப்பெருக்குக்கு முந்தைய நாள் வந்தால், அம்மா மண்டபத்துக்குப் போகிறவர்கள் காதோலை கருகமணி வாங்கிக்கொண்டிருப்பார்கள். எந்த நாளில் வந்தாலும் கீரைக்காரிகள் இருப்பார்கள். வாய்ப்புண் என்றால் மணத்தக்காளி, மூட்டுவலி என்றால் முடக்கத்தான், இருமல் என்றால் தூதுவளை என்று எடுத்துக் கொடுத்து, எப்படிச் சமைப்பது என்பதையும் சொல்லித்தான் அனுப்புவார்கள். என் தாயார் எழுதப் படிக்கத் தெரியாதவர். வகுப்பில் நான் கீரைகளைப் பற்றி நடத்திய பாடமெல்லாம் அவரிடம் கேட்டது.

நான் கேட்பது பெரிய காரியமில்லை. வெளிநாட்டுச் சந்தை என்றால் எந்த ரயிலில் போவது, எத்தனை மணிக்குப் போவது என்று பெட்டிச் செய்தி போடுகிறீர்கள். மாதம் ஒருமுறை நம் ஊர் மார்க்கெட் ஒன்றுக்கும் அப்படிப் போடுங்கள். காந்தி மார்க்கெட்டுக்கு வேண்டிய விவரங்களை எழுதி இத்துடன் இணைத்திருக்கிறேன். சத்திரம் பஸ் நிலையத்திலிருந்து டவுன் பஸ் உண்டு. நிருபரை அனுப்புவதானால் விடியற்காலை நான்கு மணிக்கு அனுப்புங்கள். நானும் கூட வருகிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
வரகனேரி, திருச்சி.