‘கார்டே பார்த்துக்கொள்ளும்’ என்று எழுதிய பதிலுக்கு

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் கேள்வி-பதில் பக்கத்தில் ஒரு வாசகர் தன் மடிக்கணினியைப் பற்றிக் கேட்டிருந்தார். 8 ஜிபி ரேம், லினக்ஸ், தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது, வீடியோ எடிட் செய்துகொண்டே உலாவியில் நாலைந்து டேப் திறந்தால் திரை அப்படியே உறைந்துபோகிறது, ஏன் என்று கேட்டார். அதற்கு உங்கள் பதில்: “உங்கள் கணினியில் கிராபிக்ஸ் மெமரி 128 எம்பி மட்டுமே. தற்காலிகமாக ரீஸ்டார்ட் செய்துகொள்ளுங்கள். நிரந்தரத் தீர்வு, நல்ல கிராபிக்ஸ் கார்டு ஒன்று வாங்குவது. மெமரியைக் கார்டே பார்த்துக்கொள்ளும், கெர்னலுக்கு அதில் வேலை இல்லை.”

மடிக்கணினிக்குள் கார்டை எந்தப் பக்கம் சொருகுவது என்பதையும் அடுத்த இதழில் படம் போட்டு விளக்கினால் நன்றாக இருக்கும். அதை விட்டுவிடுகிறேன். என்னால் விட முடியாதது அந்தக் கடைசி வாக்கியம். கெர்னல் என்பது இயங்குதளத்தின் மையப்பகுதி, டிரைவர் அதற்குள் இருந்து ஒரு வன்பொருளை ஓட்டும் நிரல், பஃபர் என்பது படத்தைப் போட்டுவைக்கும் மெமரித் துண்டு. கெர்னல் டிரைவரில் இந்த மெமரி பஃபர்களோடு மல்லுக்கட்டித்தான் நான் சம்பளம் வாங்குகிறேன். எனக்கு வேலையே இல்லை என்று அச்சில் படித்தால் கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும்.

உங்களுக்குத் தெரியாதது இல்லை, இருந்தாலும் எழுதுகிறேன். அந்த 128 எம்பி என்பது கணினி கிளம்பும்போது முதலில் ஓடும் பயாஸ் என்ற நிரல் தனியாக ஒதுக்கிவைக்கும் துண்டு, அவ்வளவுதான். அந்த வாசகர் சொல்லும் வகை மடிக்கணினியில் கிராபிக்ஸ் பகுதி மற்ற எல்லாருக்கும் பொதுவான அதே ரேமிலிருந்து வேண்டியபோது பக்கம் பக்கமாக எடுத்துக்கொள்கிறது. எடுத்துக் கொடுப்பது கெர்னல். ஒவ்வொரு பஃபருக்கும் அளவு என்ன, யார் யார் கையில் அதற்குப் பிடி இருக்கிறது, ஜிபியு (கிராபிக்ஸ் சிப்) அதில் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறதா, முடித்துவிட்டதா, ரேம் தட்டுப்பாடு வந்தால் எதை ஸ்வாப்புக்கு, அதாவது டிஸ்க்கில் ஒதுக்கிய இடத்துக்கு, அனுப்பலாம், திரைக்குப் போய்க்கொண்டிருப்பதால் எதைத் தொடவே கூடாது, இத்தனைக்கும் கணக்கு வைப்பது டிரைவர். தனி கார்டு வாங்கினால் மட்டும் என்ன? கார்டின் மெமரி நிறைந்தால் நெடுநேரம் யாரும் தொடாத பஃபரைத் தேடி, அதன் மேல் உள்ள வேலை முடிந்ததைக் காட்டும் ஃபென்ஸ் என்ற அடையாளத்துக்காகக் காத்திருந்து, அதை ரேமுக்கு நகர்த்தி, எந்த முகவரி எங்கே என்று சொல்லும் பேஜ் டேபிளைத் திருத்தி, அடுத்த முறை கேட்கும்போது திரும்பக் கொண்டுவந்து வைப்பதும் இதே கெர்னல்தான். கார்டுக்கு இதைப் பற்றி ஒன்றும் தெரியாது. சொன்ன முகவரியில் எழுதும், படிக்கும்.

கெர்னல் இதைப் பார்க்காத காலமும் இருந்தது. அப்போது திரையில் ஜன்னல்களை வரையும் எக்ஸ் சர்வர் தானே மெமரியைப் பங்குபோட்டு வைத்துக்கொண்டு கிடந்தது. எழுத்து மட்டும் தெரியும் கன்சோலுக்குப் போய்த் திரும்பினால் திரை ஒரு தரம் கருத்து, மின்னி, வேண்டாவெறுப்பாக வரும், பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும். 2008-இல் இன்டெலில் கீத் பேக்கார்டும் எரிக் அன்ஹோல்ட்டும் ஜெம் என்ற மெமரி மேலாளரை எழுதினார்கள், அது அந்த டிசம்பரில் 2.6.28 கெர்னலோடு வந்தது. அதற்கும் முன்பே டங்ஸ்டன் கிராபிக்ஸைச் சேர்ந்த தாமஸ் ஹெல்ஸ்ட்ரோம் எழுதிவந்த டிடிஎம் என்ற மேலாளர், தனி மெமரி உள்ள கார்டுகளுக்காக, 2009-இல் 2.6.31-இல் உள்ளே நுழைந்தது. ஆரம்பகால ஜெமில் ஒரு பஃபரை இன்னொரு ப்ராசஸுக்கு, அதாவது ஓடும் புரோகிராமுக்கு, கொடுக்க வெறும் எண்தான் பெயர். சின்னச் சின்ன எண்கள். கார்டைத் திறக்க அனுமதி உள்ள எவனும் ஒன்று, இரண்டு என்று ஊகித்து அடுத்தவன் ஜன்னலில் இருப்பதை எட்டிப்பார்க்கலாம். பஃபரை ஊகிக்கும் எண்ணாக இல்லாமல், கெர்னலே கையில் கொடுக்கும் ஃபைல் டிஸ்க்ரிப்டராகக் கைமாற்றும் டிஎம்ஏ-பஃப் 2012-இல் 3.3 கெர்னலில் வந்த பிறகுதான் அந்த ஓட்டையை அடைக்க வழி பிறந்தது. அதை எழுதியவர் சுமித் செம்வால், இந்தியர். வெளிநாட்டு நிறுவனத்துக்கு ஓர் இந்தியர் தலைமை அதிகாரி ஆனால் அட்டைப்படம் போடுகிறீர்கள், நீங்கள் கையில் வைத்திருக்கும் ஆண்ட்ராய்டு போனில் கேமரா எடுத்த காட்சி திரைக்கு வரும் வழியில் உட்கார்ந்திருக்கும் குறியீட்டை எழுதியவருக்கு ஒரு பெட்டிச் செய்திகூடக் கிடையாது.

பேச்சு அந்தப் பக்கம் போய்விட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். 2022 நவம்பரில் கூகுளின் ப்ராஜெக்ட் ஜீரோ என்ற பாதுகாப்பு ஆய்வுக் குழு ஒரு விஷயத்தை வெளியிட்டது. சிப் வடிவமைக்கும் ஆர்ம் நிறுவனத்தின் மாலி ஜிபியு டிரைவரில் ஐந்து ஓட்டைகள், அவற்றில் மூன்று, கெர்னலிடம் திருப்பிக் கொடுத்துவிட்ட மெமரிப் பக்கங்களை போனில் உள்ள ஒரு ஆப் அதன் பிறகும் படிக்கவும் எழுதவும் விடுபவை. ஆர்ம் அந்த ஜூலை, ஆகஸ்டிலேயே திருத்திக் கொடுத்துவிட்டது. திருத்தம் மட்டும் நவம்பர் வரை போன்களுக்கு வந்து சேரவில்லை, கூகுளின் சொந்த பிக்சல் உட்பட. நம் ஊரில் பாதிப் பேர் சட்டைப்பையில் மாலிதான். அந்த மாதம் உங்கள் அட்டையில் 108 மெகாபிக்சல் கேமரா. உள்ளே ‘போனைப் பாதுகாக்கப் பத்து வழிகள்’ என்று ஒரு கட்டுரை, பாஸ்வேர்டைப் பிறந்தநாளாக வைக்காதீர்கள் என்று. நான் அப்போதே எழுதினேன். வரவில்லை. சரி, இடம் இருந்திருக்காது.

அதற்கும் முன்னால் டிரைவர் எப்படி வேலை செய்கிறது என்று எளிமையாக ஒரு தொடர் எழுதித் தருகிறேன் என்று கேட்டேன். “நம் வாசகர்களுக்கு இவ்வளவு ஆழம் வேண்டாம்” என்று பதில் வந்தது. வேண்டாம் என்று வாசகர்களில் யார் வந்து சொன்னார்கள் என்று தெரியவில்லை, நானும் வாசகன்தான், என்னைக் கேட்கவில்லை. கொஞ்ச நாளில் ‘கணினியின் வேகம் கூட்ட ஐந்து விசைகள்’ வந்தது. ஐந்தில் ஒன்று எஃப்5.

ரீஸ்டார்ட் செய்யச் சொன்னது ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்று கேட்பீர்கள். கடைகளில் மாட்டும் டிஜிட்டல் பலகை ஒன்றுக்கு வேலை செய்தோம். 1 ஜிபி ரேம் உள்ள சின்ன ஆர்ம் போர்டு, விளம்பர வீடியோ ஓடும், ஓரத்தில் அன்றைய விலைப்பட்டியல் மாறிக்கொண்டிருக்கும். மாலையானால் விலைப்பட்டியல் நின்றுவிடும். விளம்பரம் ஜம்மென்று ஓடும், தக்காளி மட்டும் நேற்றைய விலையில். சிப் செய்த நிறுவனத்திடம் கேட்டோம். அவர்கள் கொடுத்த டிரைவர் மெயின்லைனில், அதாவது அதிகாரபூர்வக் கெர்னலில், இல்லாதது, ஏதோ ஒரு பழைய கெர்னலின் மேல் ஒட்டவைத்தது, ஐந்தாறு பேர் கைபட்டு ஐந்தாறு விதமான இடைவெளி விட்டு எழுதியது. அங்கிருந்து வந்த பதில் என்ன தெரியுமா? “தினமும் நள்ளிரவு 3 மணிக்குத் தானாக ரீபூட் ஆகும்படி வைத்துவிடுங்கள்.” உங்கள் பக்கத்தில் எழுதுபவரும் அங்கே வேலை பார்த்தவரோ என்று ஒரு சந்தேகம்.

வாரக்கணக்கில் உட்கார்ந்து தேடியதில் பிடிபட்டது இதுதான். ஒரு விளம்பரத்துக்கும் அடுத்ததற்கும் வீடியோ அளவு மாறும்போது மட்டும், டிரைவரில் பிழையைச் சமாளிக்கும் ஒரு பாதையில், பஃபரை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று சொல்லும் ரெஃபரன்ஸ் எண்ணிக்கையை இரண்டு முறை ஏற்றிவிட்டு ஒருமுறை இறக்குகிறார்கள். எண்ணிக்கை பூச்சியத்துக்கு வந்தால்தானே மெமரி விடுபடும்? வரவே வராது. 1920-க்கு 1080 அளவில் ஒரு டிகோட் ஆன பிரேம் 3,110,400 பைட். ஒரு நாளில் 200 தடவை அளவு மாறினாலே 600 எம்பிக்கு மேல் போய்விட்டது. சாதாரணமாக ஒரு ப்ராசஸ் செத்தால் அது பிடித்திருந்த பஃபர்களைக் கெர்னல் தானே விடுவித்துவிடும், அந்த நல்ல ஏற்பாடு இங்கே உதவவில்லை, கசிவே டிரைவருக்குள் இருப்பதால் பிளேயரை நிறுத்தினாலும் பஃபர் அப்படியே இருக்கும்.

இன்னொன்று. இந்த மெமரி, ப்ராசஸ்களைப் பட்டியலிடும் டாப் கட்டளையில் எந்த ப்ராசஸின் பெயரிலும் வராது, ப்ராசஸ் தன் முகவரிவெளியில் மேப் செய்யாத, அதாவது தானே தொடும்படி இணைத்துக்கொள்ளாத, பஃபர் அதன் கணக்கில் ஏறுவதில்லை. ஆக ரேம் தீர்ந்து, இடம் பிடிக்க ஒரு ப்ராசஸைக் கொல்லும் ஓஓஎம் கில்லர் என்ற கெர்னல் பகுதி வரும்போது அது பார்க்கிற பட்டியலில் பிளேயர் சாதுவாக நிற்கிறது, கொஞ்சம் பருமனாகத் தெரிந்த விலைப்பட்டியல் புரோகிராம் வெட்டுப்படுகிறது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். விலைப்பட்டியல் எழுதிய பையனைத்தான் அலுவலகத்தில் எல்லாரும் திட்டிக்கொண்டிருந்தார்கள், பாவம் அவனும் தன் நிரலைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில், கெர்னல் தன் உள்கணக்கைக் காட்டும் டிபக்எஃப்எஸ்ஸில் பஃப்இன்ஃபோ என்ற கோப்பைத் திறந்து பார்த்தபோது சொந்தக்காரன் இல்லாத பஃபர்கள் வரிசையாக நின்றன. திருத்தம் ஒரே வரி. அதை அந்த நிறுவனத்துக்கு அனுப்பினோம், “அடுத்த வெளியீட்டில் பரிசீலிக்கிறோம்” என்றார்கள். பரிசீலிக்கிறார்கள்.

‘கார்டே பார்த்துக்கொள்ளும்’, ‘ரீஸ்டார்ட் செய்யுங்கள்’ என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தால் இந்தக் கணக்கை யாரும் கேட்க மாட்டார்கள், கேட்காதவரை எழுதுகிறவனும் ஏற்றிய எண்ணிக்கையை இறக்க மாட்டான். இதை நான் சொல்லித்தானா உங்களுக்குத் தெரியவேண்டும். வீட்டில் மாமா பிரின்டர் ஓடவில்லை என்று என்னைத்தான் கூப்பிடுவார், நானும் போவேன், அவர் தொழில்நுட்ப இதழ் நடத்தவில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். அந்த வாசகர் கார்டுக்கோ புது மடிக்கணினிக்கோ காசைக் கரியாக்குவதற்குள் போட்டால் நல்லது. அவரிடம் சொல்லவேண்டியது இவ்வளவுதான்: பயாஸில் அந்த 128-ஐ 512 ஆக்கிப் பார்க்க வேண்டாம், அது மற்றவர்களின் ரேமைத்தான் குறைக்கும். அண்மைக் கெர்னல் போட்டுக்கொண்டு, ப்ராக் (/proc) அடைவில் உலாவிக்கும் எடிட்டருக்கும் உரிய எஃப்டிஇன்ஃபோவை (fdinfo) பார்க்கட்டும், இன்டெல் கிராபிக்ஸ் என்றால் யார் எவ்வளவு கிராபிக்ஸ் மெமரி பிடித்திருக்கிறார்கள் என்று அதன் ஐ915 டிரைவர் அங்கே எழுதிவைக்கிறது. உறையும்போது ஸ்வாப் நிறைந்திருக்கிறதா என்றும் பார்க்கட்டும். யாரும் அளவுக்கு மீறிப் பிடிக்காமலே ஸ்வாப் நிறைகிறது என்றால் இன்னொரு 8 ஜிபி ரேம் போதும், காலி ஸ்லாட் இருந்தால்.

இந்தக் கடிதத்தை வெட்டித்தான் போடுவீர்கள், தெரியும். வெட்டுவதானால் மாமா, பிரின்டர் எல்லாவற்றையும் வெட்டுங்கள், எஃப்டிஇன்ஃபோவை மட்டும் விட்டுவையுங்கள்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர் ஒருவர்,
ஓசூர்.

பி.கு.: மார்ச் இதழ் இன்னும் எனக்கு வரவில்லை. அதையும் கொரியரே பார்த்துக்கொள்ளும் என்று நினைக்கிறேன்.