டெபிட் கார்டு பீரோவிலேயே இருக்கட்டும்

அன்புள்ள கண்ணுக்கு,

சம்பளக் கணக்கு இருக்கிற வங்கியே கிரெடிட் கார்டு தருகிறதாம், வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். வாங்கு. மளிகை, பெட்ரோல், ரயில் டிக்கெட், மருந்துக்கடை எல்லாம் இனி அதில் போகட்டும். டெபிட் கார்டு ஏடிஎம்மில் பணம் எடுக்க மட்டும்.

செலவுக்கு ஏற்ப கார்டில் சேரும் பரிசுப் பாயிண்டுக்காக இதைச் சொல்லவில்லை. டெபிட் கார்டுக்குப் பின்னால் இருப்பது உன் சம்பளம். எவனாவது அதில் கை வைத்தால் வாடகைப் பணமும் சேர்ந்து போய்விடும். புகார் கொடுத்து அது திரும்பி வரும்வரை தவிக்கப்போவது நீ. கிரெடிட் கார்டில் முதலில் போவது வங்கியின் பணம். அந்தத் தொகை என்னுடையதல்ல என்று நீ புகார் எழுதலாம், கணக்கில் இருப்பது அப்படியே இருக்கும். விடுதிக்காரர்கள் முன்பணமாகப் பிடித்து வைக்கும் தொகைக்கும் இதே கதைதான்.

கார்டு வந்ததும் பில் தேதி, கடைசித் தேதி இரண்டையும் பார். பில் 5ஆம் தேதி, கடைசி நாள் 25 என்று வைத்துக்கொள். ஜூன் 6இல் வாங்கிய பொருள் ஜூலை 5 பில்லில் வரும், ஜூலை 25க்குள் கட்டினால் போதும். 49 நாள் வட்டி கிடையாது. அதையே ஜூன் 4இல் வாங்கினால் 21 நாள்தான். ஃபிரிட்ஜ் மாதிரி பெரிய செலவை பில் வந்த மறுநாள் செய். பில் தேதி உன் சம்பள நாளோடு ஒத்துவராவிட்டால் மாற்றித் தரச் சொல். ஒருமுறையாவது மாற்றித் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி.

அடுத்தது ஆட்டோ டெபிட், அதாவது பில் தொகை உன் கணக்கிலிருந்து தானாகப் போகும் ஏற்பாடு. பலர் வழுக்கி விழுகிற இடம் இது. படிவத்தில் 'மொத்தத் தொகை', 'குறைந்தபட்சத் தொகை' என்று இரண்டு கட்டம் இருக்கும். மொத்தத்தில் டிக் போடு. குறைந்தபட்சம் என்பது பெரும்பாலும் பில்லில் 5 சதவீதம். அதைக் கட்டினால் அபராதம் வராது, அவ்வளவுதான். வட்டி ஓடிக்கொண்டே இருக்கும்.

கணக்கைப் பார். ஜூன் 6இல் 20,000 ரூபாய்க்கு வாங்குகிறாய். ஜூலை 25இல் 1,000 மட்டும் கட்டுகிறாய். வட்டி மாதம் 3.5 சதவீதம், வருடத்துக்கு 42. அது கடைசித் தேதியிலிருந்து கணக்காவதில்லை, பொருள் வாங்கிய நாளிலிருந்தே கணக்காகும். ஆகஸ்ட் 5 பில்லில் வட்டியும் அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்து 1,500 ரூபாய்க்கு மேல் நிற்கும். ஆயிரம் கட்டிய பிறகு கடன் 20,500ஐத் தாண்டியிருக்கும். இது மட்டுமா? பாக்கி தீரும்வரை புதிதாக வாங்குவதற்கும் வட்டியில்லா நாள் கிடையாது. அன்று குடித்த காபிக்கும் அன்றிலிருந்தே வட்டி. மாதம் 30,000 செலவுக்கு ஒரு சதவீதம் பாயிண்ட் என்றால் 300 ரூபாய். ஐந்து மாதப் பாயிண்டை ஒரே மாத வட்டி விழுங்கிவிடும்.

ஆட்டோ டெபிட் பதிவாகி நடைமுறைக்கு வர நாளாகலாம், அதனால் முதல் பில்லைக் கையால் கட்டிவிடு. பிறகும் 23ஆம் தேதி கணக்கில் பணம் இருக்கிறதா பார். பணம் இல்லாமல் ஆட்டோ டெபிட் திரும்பி வந்தால் கணக்கு, கார்டு இரண்டு பக்கமும் கட்டணம். ஏதோ பொருளைத் திருப்பிக் கொடுத்திருக்கிறோம், பணம் வந்துவிடும் என்று பில்லில் கழித்துக் கட்டாதே.

இந்தக் கார்டை ஏடிஎம்மில் சொருகவே கூடாது. எடுத்த நொடியிலிருந்து வட்டி, மேலே 2.5 சதவீதம் அல்லது 500 ரூபாய் போலக் கட்டணம். வாடகையைக் கார்டில் கட்டும் செயலிகளுக்கும் தனிக் கட்டணம் உண்டு. ரூபே கார்டாக இருந்தால் யூபிஐயில் இணைத்துக் கடை க்யூஆரில் கட்டலாம், தோழிக்கு அனுப்ப முடியாது. வசதிதான், ஆனால் இருபது இருபதாகப் போவது கண்ணில் படாது. வாரம் ஒருமுறை செயலியைத் திறந்து கூட்டிப் பார்.

கார்டின் லிமிட், அதாவது கடன் வரம்பு, ஒன்றரை லட்சம் என்றால் 45,000க்குள் நில். 30 சதவீதத்தைத் தாண்டித் தொடர்ந்து செலவழித்தால், ஒழுங்காகக் கட்டினாலும், கடனை நீ எப்படிக் கையாள்கிறாய் என்று காட்டும் சிபில் மதிப்பெண் அடிவாங்கும். ஒரு மாதம் கூடிப்போனால் பில் தேதிக்கு முன்பே கொஞ்சம் கட்டிவிடு. நாளைக்கு வீட்டுக்கடன் கேட்கும்போது அந்த எண்ணைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

செயலியில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை மூடி வை. கார்டைத் தொட்டுக் கட்டும் வசதியில் 5,000 ரூபாய் வரை பின் நம்பர் கேட்காது, வேண்டாமென்றால் அதையும் அணைத்துவிடு. நீ செய்யாத செலவுக்குக் குறுஞ்செய்தி வந்தால் முதலில் கார்டை முடக்கு, பிறகு வங்கிக்கும் சைபர் குற்ற உதவி எண் 1930க்கும் சொல். ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கைப்படி, உன் தவறும் வங்கியின் தவறும் இல்லாத மோசடியை 3 வேலை நாளுக்குள் தெரிவித்தால் உனக்கு நஷ்டமில்லை. ஓடிபியை நீயே சொல்லிவிட்டால் இந்தச் சலுகை கிடையாது. புகார் கொடுக்கும்வரை போனது உன் தலையில்.

லிமிட்டை உயர்த்தித் தருகிறோம், பில்லை இஎம்ஐ ஆக்கித் தருகிறோம் என்று போன் வரும். இப்போதைக்கு எல்லாவற்றுக்கும் வேண்டாம் என்று சொல். பொங்கலுக்கு வரும்போது மூன்று மாத பில்லையும் பிரிண்ட் எடுத்து வா, உட்கார்ந்து பார்ப்போம்.

அம்மா