சுகர் நோட்டில் ஈரலுக்கும் ஒரு வரி வேண்டும்

திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும் சுகாதாரத் துறை அதிகாரிகளுக்கும் வணக்கம்.

முக்கூடலிலிருந்து எழுதுகிறேன். என் பெரியம்மா நாற்பது வருஷம் மடியில் சொளவை வைத்துக்கொண்டு பீடி சுற்றியவர். சுகர் வந்து பதினைந்து வருஷமாகிறது. 2021-இல் மக்களைத் தேடி மருத்துவம் வந்த பிறகு மாத்திரைக்கு அலைச்சல் இல்லை. வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து, விரலில் குத்தி சுகர் பார்த்து, நோட்டில் எழுதிவிட்டுப் போகிறார்கள். அந்தத் திட்டத்தைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது.

போன வருஷம் அவருக்குக் கால் வீங்கியது, அப்புறம் வயிறு. ஓர் ஆஸ்பத்திரியில் வாயு என்று சொல்லி மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இரண்டு மாதம் கழித்து வேறோர் இடத்தில் ஸ்கேன் எடுத்தபோது பக்கத்தில் நின்றேன். "மூச்சை இழுத்துப் பிடிங்கம்மா" என்று வலது விலாவுக்குக் கீழே அழுத்திப் பார்த்த டாக்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். ஈரலின் ஓரம் மேடும் பள்ளமுமாக இருந்தது. அதைச் சுற்றிக் கறுப்பாகத் தெரிந்ததெல்லாம் தண்ணீர். "குடிப்பாங்களா?" என்று கேட்டார். டீயைத் தவிர எதையும் குடிக்காத மனுஷி அங்கேயே அழுதுவிட்டார்.

குடிக்காதவர்களுக்கும் சுகர், உடற்பருமன் வழியாக ஈரலில் கொழுப்பு சேரும், தழும்பு விழும், கடைசியில் அது சுருங்கும் என்று அன்றைக்குத்தான் எங்கள் வீட்டுக்குத் தெரிந்தது. ஈரல் பெரும்பாலும் வலிப்பதில்லை, அதுதான் வினை.

சாதாரண ஸ்கேனில் ஈரலும் பக்கத்துச் சிறுநீரகமும் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறமாகத் தெரியும். கொழுப்பு ஏறினால் ஈரல் மட்டும் வெளுத்துத் தெரியும். ஆனால் கொழுப்பு கொஞ்சமாக இருந்தால் அது கண்ணில் படாமல் போகலாம். தழும்பு எவ்வளவு என்பதையும் அந்தப் படம் சரியாகச் சொல்லாது. அதற்கு ஃபைப்ரோஸ்கேன் இருக்கிறது. விலா இடுக்கில் விரலால் சுண்டுவது போல ஒரு தட்டு, அவ்வளவுதான். அந்த அதிர்வலை ஈரலுக்குள் எவ்வளவு வேகமாக ஓடுகிறதோ அவ்வளவுக்கு ஈரல் இறுகியிருக்கிறது என்று கணக்கு. மூன்று மணி நேரம் சாப்பிடாமல் போனால் பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். அந்த இறுக்கத்தைக் கிலோபாஸ்கல் என்ற அலகில் சொல்வார்கள்; எட்டுக்குக் கீழே வந்தால் முற்றிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு.

சுகர் உள்ள எல்லோருக்கும் இந்த மிஷினை வைக்கச் சொல்லவில்லை. வயது, ரத்தப் பரிசோதனையில் வரும் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி என்ற இரண்டு ஈரல் அளவுகள், பிளேட்லெட் என்கிற தட்டணுக்களின் எண்ணிக்கை, இந்த நாலையும் சேர்த்து ஃபிப்-4 என்று ஒரு கணக்குப் போடுவார்கள். செல்போனிலேயே போட்டுவிடலாம். 1.3-க்குக் கீழே என்றால் பெரும்பாலும் பயமில்லை. அறுபத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கு அந்த அளவு 2. அதைத் தாண்டுபவர்களை மட்டும் மிஷினுக்கு அனுப்பினால் போதும். மத்திய அரசு 2021 பிப்ரவரியிலேயே கொழுப்பு ஈரலைத் தொற்றாநோய்த் திட்டத்தில் சேர்த்துவிட்டது. பெரியம்மாவின் நோட்டுக்கு மட்டும் அந்தச் சேதி வந்து சேரவில்லை.

ஸ்கேன் மிஷினை நினைத்த இடத்துக்கெல்லாம் தூக்கிக்கொண்டு போக முடியாது, கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994-ஆம் வருஷச் சட்டம் இருக்கிறது என்பது தெரியும். பெண் பிள்ளைகளைக் காக்க வந்த சட்டம், அது அப்படியே இருக்கட்டும். அம்பாசமுத்திரம், நாங்குநேரி, ராதாபுரம் என்று தாலுகாவுக்கு ஓர் அரசு ஆஸ்பத்திரியில் வாரத்தில் ஒரு நாளை ஈரலுக்கு என்று ஒதுக்குங்கள். எங்கள் ஊர்ப் பெண்கள் ஒரு நாள் பீடிக் கூலியை விட்டுவிட்டு அங்கே வருவார்கள். பாளையங்கோட்டை வரை இரண்டு மூன்று தடவை அலைய வேண்டுமென்றால் வரமாட்டார்கள்.

தழும்பு இளசாக இருக்கும்போதே தெரிந்து, உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தால் ஈரல் தேறிக்கொள்ள நல்ல வாய்ப்பு உண்டு என்றார் டாக்டர். பெரியம்மாவுக்கு இப்போது மாதம் இரண்டு முறை வயிற்றில் ஊசி போட்டுத் தண்ணீர் எடுக்கிறோம்.

என் அம்மாவுக்கும் சுகர்தான், பன்னிரண்டு வருஷமாக. நோட்டில் பிரஷர் இருக்கிறது, சுகர் இருக்கிறது. ஈரலை எங்கே பார்ப்பார்கள் என்று மட்டும் சொல்லுங்கள், வருகிற திங்கட்கிழமையே வெறும் வயிற்றோடு கூட்டிக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
முக்கூடல் பீடித் தொழிலாளி வீட்டுப் பிள்ளை