சொட்டுநீருக்கும் காணி உறுதி கேட்டா நாங்க எங்க போறது?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

மேட்டூர் அணைய ஜூன் 12ஆம் தேதி தெறப்பாங்களா மாட்டாங்களா, காவிரியில கர்நாடகா தண்ணி விட்டுச்சா இல்லையானு நம்ம பேப்பர்கள்ல அடிக்கடி நியூஸ் வருது, நானும் விடாம வாசிக்கிறேன். ஆனா தமிழ்நாட்டு விவசாயத்துல இலங்கையில இருக்க நம்ம மலையகத்துக்கு நேரா பொருந்துற விசயம் சொட்டுநீர் பாசன மானியம்தான், அத பத்தி இங்க யாரும் பெரிசா எழுதி நான் பாக்கல. அஞ்சு ஏக்கருக்குள்ள வச்சிருக்க சிறு, குறு விவசாயிக்கு அங்க 100 சதவீதம் மானியம், மத்தவங்களுக்கு 75 சதவீதம், மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து குடுக்குது.

நுவரெலியா, தலவாக்கலை பக்கம் ஜனவரியில இருந்து மார்ச் வரைக்கும் மழை கொறஞ்சிரும். லயத்துக்கு, அதான் தோட்டத்து வரிச வீட்டுக்கு, பின்னால நாலு பாத்தி கரட், லீக்ஸ், போஞ்சி, கோவா போட்டிருக்கவங்க பாடுதான் அப்ப பெரும்பாடு. பகல் பூரா மலையில கொழுந்து பறிச்சிட்டு வந்த பொம்பளைங்க பீலியில, ஊத்து தண்ணி விழுற எடத்துல, கேன் கேனா புடிச்சு மேட்டுக்கு தூக்கிட்டு போயி ஊத்துறாங்க, அந்த தண்ணியும் சரிவுல மண்ணையும் பசளையையும் சேர்த்து இழுத்துக்கிட்டு கீழ போயிருது. மேல ஒரு டேங்க வச்சா மோட்டர் கூட தேவையில்ல, சரிவே தண்ணிய கொண்டுவந்து வேர்ல சொட்ட வைக்கும், டேங்க் வாயில ஒரு பில்டர் மட்டும் போட்டுறணும் இல்லாட்டி துளை அடைச்சுக்கும். கரட் நெருக்கமா வெதைக்கிறது, அதுக்கு தூவல் முறைதான் சரி, போஞ்சிக்கும் கோவாவுக்கும் சொட்டுநீர் நல்லா ஒத்துவரும்.

1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துல இங்க இருந்து இந்தியாவுக்கு போன நம்ம சனம் நெறைய பேர் தமிழ்நாட்டு நீலகிரியிலதான் இருக்காங்க, கோத்தகிரி பக்கம் எங்க சொந்தக்காரங்களும் இருக்காங்க. அங்கயும் இதே தேயில, இதே கரட், இதே சரிவுதான். ஆனா அங்கயும் மானியம் கேட்டு போனா சிட்டா, அடங்கல்னு சொல்ற நெலம், பயிர் பதிவு பத்திரங்க, தாசில்தார் குடுக்குற சிறு விவசாயி சான்று எல்லாம் வேணும், நெலம் பேர்ல இல்லாதவங்களுக்கு கஷ்டம்தான். அதனால அந்த திட்டத்த அப்படியே தூக்கிட்டு வந்து இங்க போட்டா தோட்டத்து சனத்துக்கு ஒன்னும் கெடைக்காது. 1992ல தோட்டங்கள நடத்துற பொறுப்ப கம்பெனிகள்கிட்ட குடுத்தாங்க, காணி இன்னும் அரசாங்கத்தோடது, தலைமுறை தலைமுறையா அந்த மண்ண கொத்துறவங்கள்ல பெரும்பாலானவங்க கையில ஒரு துண்டு உறுதியும் கெடையாது. போன வருசம் ஒரு ஆபிஸுக்கு தூவல் குழாய் உதவி கேட்டு போனேன், உறுதிப்பத்திரம் இருக்கானு மட்டும்தான் கேட்டாங்க, என்ன பயிர் எவ்வளவு போட்டிருக்கேன்னு ஒரு வார்த்த கேக்கல.

காணி உரிமைக்கான போராட்டம் நடக்கட்டும், அது கட்டாயம் வேணும். அது முடியிற வரைக்கும் பாத்தி காயாம இருக்கணுமே ஐயா. இந்த எடத்துல இவங்கதான் பயிர் செய்றாங்கனு கிராம உத்தியோகத்தரும் தோட்ட நிர்வாகமும் ஒரு கடிதம் குடுத்தா போதும்னு வச்சு, ஒரு டேங்கும் குழாயும் குடுக்கலாம். நம்ம மலையக எம்பிமாரு அடுத்த வரவு செலவு திட்டத்துக்கு முன்னால இத பாராளுமன்றத்துல கேக்கணும், உங்க பேப்பரும் இத எழுதணும்.

இப்படிக்கு,
ஒரு தோட்டத்து வாசகி,
தலவாக்கலை