அந்தக் குரலை நான் இனி போடுவதில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

பிள்ளைகளைச் செல்போனிலிருந்து எழுப்ப, மேசையைச் சுற்றி உட்கார்ந்து கதை சொல்லி ஆடும் விளையாட்டுகளைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதற்கு ஒரு அப்பா எழுதிய பதில் போன வாரம் வந்தது. மகன் வாங்கிய விதிப்புத்தகத்தில் ஆணை விரும்பும் ஆண், திருநங்கை என்றெல்லாம் பாத்திரங்கள் வருகின்றனவாம், வெளிநாட்டுக்காரன் நம் பிள்ளைகளைக் கெடுக்கிறானாம். நான் திருநகரில் ஒரு மொட்டைமாடியில் நாலு வருடமாக, சனிக்கிழமைதோறும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற அப்படியொரு விளையாட்டை நடத்துகிறவன். கேம் மாஸ்டர் என்பார்கள், கதைக்குள் வரும் ராஜாவிலிருந்து டீ ஆற்றுகிறவர் வரை குரல் கொடுப்பது என் வேலை, அதனால் எழுதுகிறேன்.

அவர் பார்த்தது பொய்யில்லை. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்கு 2014-இல் வந்த விதிப்புத்தகமே, உங்கள் பாத்திரம் ஆண், பெண் என்ற இரண்டு கட்டத்துக்குள் அடங்க வேண்டியதில்லை, யாரை விரும்புகிறது என்பதும் நீங்கள் முடிவு செய்வதுதான் என்கிறது. எல்ஃப் என்ற கற்பனை இனத்தாரின், ஆணும் பெண்ணும் கலந்த தோற்றமுள்ள கடவுளை அங்கே உதாரணம் காட்டுகிறார்கள் (அர்த்தநாரீசுவரரைக் கும்பிடுகிற நமக்கு இதில் என்ன அதிர்ச்சியோ). இதே விளையாட்டின் 1978 புத்தகத்தில், பெண் பாத்திரத்தின் பலம் ஆணின் உச்சத்தைத் தொடவே கூடாது என்று வரம்பு போட்டிருந்தார்கள், அங்கிருந்து இங்கே வந்திருக்கிறார்கள். பாத்ஃபைண்டர் என்ற இதே மாதிரி இன்னொரு விளையாட்டில் கைரா என்ற பூசாரியும் மெரிசியெல் என்ற திருடியும் ஜோடி. ஒருத்தி காயம் ஆற்றுவாள், இன்னொருத்தி பூட்டைத் திறப்பாள், ஆடுகிறவர்களுக்கு அதுதான் கவலை.

ஆனால் புத்தகத்தில் அச்சடித்துவிட்டால் மேசையில் மரியாதை வந்துவிடாது. இது என் தப்பிலிருந்து தெரிந்துகொண்டது. இரண்டாவது வருடம், சத்திரக் காட்சி ஒன்றில் ஒரு திருநங்கையைக் கொண்டுவந்தேன், தொண்டையைக் கட்டையாக்கி, கையைத் தட்டி, சினிமாவில் பார்த்துப் பழகிய அதே மாதிரி. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருவர் மட்டும் தலை நிமிராமல் டைஸை உருட்டிக்கொண்டே இருந்தார். அடுத்த சனி வரவில்லை, அதற்கடுத்த சனியும் வரவில்லை, போன் போட்டால் வேலை என்றார். அப்புறம் ஒருநாள் டீக்கடையில்தான் சொன்னார்: "அந்தச் சத்தத்ததாண்ணே தெனமும் பஸ்ஸுல கேக்குறேன். இங்கயுமா?"

எனக்குப் பதில் வரவில்லை. அவர் திரும்பி வந்ததும் பரிகாரம் மாதிரி, ஊரைக் காப்பாற்ற உயிரைவிடும் திருநங்கை ஒருத்தியை எழுதினேன், தெய்வப் பிறவி, வசனமெல்லாம் கண்ணீர். அதற்கும் அவரிடம் திட்டு வாங்கினேன். சிரிக்க வைக்கணும், இல்லாட்டிச் சாகடிக்கணுமா அண்ணே என்றார். சரிதானே?

இப்போது எங்கள் கதையில் ஆற்றங்கரைச் சுங்கச்சாவடிக்கு ஒரு அதிகாரி இருக்கிறாள். திருநங்கை, கணக்கில் கறார், உப்பு வண்டிக்கு வரி குறைக்கவே மாட்டாள், குறட்டை விடும் புருஷன் வேறு. என் சொந்தக் குரலிலேயே பேசுகிறேன். போன மாதம் பையன்கள் ஒரு மணி நேரம் அவளிடம் பேரம் பேசித் தோற்றார்கள்.

அந்த அப்பாவுக்கு ஒன்று. இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு என்கிறீர்கள். ஒருவரையொருவர் விரும்பி, பெற்றோருக்கும் போலீசுக்கும் பயந்து பாதுகாப்பு கேட்டு உயர்நீதிமன்றத்துக்குப் போய், 2021-இல் இந்தியா முழுக்கப் பேசப்பட்ட உத்தரவை வாங்கிய இரண்டு பெண்களும் நம் மதுரைப் பிள்ளைகள். வழக்கை விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கு இந்த விஷயத்தில் புரிதல் போதாது என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டு பிறகு தீர்ப்பு எழுதினார். உங்கள் மகன் கையில் இருக்கும் புத்தகத்தை நீங்களும் ஒரு சனிக்கிழமை அவனோடு உட்கார்ந்து ஆடிப் பாருங்கள், டைஸ் எங்களிடம் நிறைய இருக்கிறது.

உங்களுக்கும் ஒன்று, ஆசிரியர் ஐயா. அந்த வழக்கின் தொடர்ச்சியாக, தன்பாலினத்தவரை விரும்புகிறவர்கள், திருநங்கைகள் போன்றவர்களை என்ன சொல்லி எழுத வேண்டும் என்று 2022-இல் தமிழக அரசே சொற்பட்டியல் வெளியிட்டது. இடம் போதாமல் வாசகர் கடிதங்களை வெட்டத்தான் செய்கிறீர்கள். அந்த அப்பாவின் கடிதத்தில் மூன்றாவது வரியில் இருந்த வசைச்சொல்லையும் சேர்த்து வெட்டியிருக்கலாம்.

ஒரு வாசகர்,
திருநகர், மதுரை.